வாழ்த்துரை வந்துவிட்டது, கதை எங்கே?

ராஜபாளையத்தில் ஒருவன் கதை திருத்தும் வேலை பார்க்கிறான் என்பதை ஊருக்குச் சொல்ல விளம்பரம் எதுவும் தேவையில்லை. ஒரு டீக்கடையில் வாய் தவறினால் போதும். சிறார் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிரதிகளைப் படித்து, எது தேறும், எது தேறாது என்று எழுதிக் கொடுப்பதும், தேறியதைச் செப்பனிடுவதும் என் பிழைப்பு. இது தெரியவந்ததிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றால் கதை, கறிக்கடையில் நின்றால் கதை, கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டினால் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனாலும் தப்ப முடியாது. வடம் தொடப் போன கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டு ஒன்று ஏறிவிடும். “சின்னப் பிள்ளைக கதைதான் அண்ணாச்சி, நின்னுக்கிட்டே படிச்சிரலாம்.”

எழுத வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. தமிழில் பிள்ளைகளுக்கு எழுத ஆள் போதவில்லை, இன்னும் நூறு பேர் வரவேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்கிறவன் நான். வயிறு எரிவதெல்லாம் ஒன்றுக்குத்தான். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களுக்கு எழுதினால் செய்யத் துணியாத காரியங்களையெல்லாம் பிள்ளைகளுக்கு எழுதும்போது செய்கிறார்கள். பிள்ளைகளுக்குத்தானே, எது கொடுத்தாலும் தின்னும் என்கிற எண்ணம். பதிப்பாசிரியரை அணுகுவதில் நடக்கிற அத்தனை கூத்துக்கும் வேர் அதுதான்.

முதல் கூத்து, பிரதி வந்து சேரும் லட்சணம். நோட்டில் எழுதியதைப் படம் பிடித்துப் பக்கம் பக்கமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மூன்றாம் பக்கம் தலைகீழாக இருக்கும், ஐந்தாம் பக்கம் இருக்கவே இருக்காது. சிலர் எழுதுவதேயில்லை. குரல் பதிவில் கதையைச் சொல்லிவிட்டு, “நீங்களே டைப் பண்ணிக்கோங்க சார்” என்கிறார்கள். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறவர் வந்தால் மனம் குளிரும். திறந்து பார்த்தால் வானவில், பாமினி என்று ஏதோ ஒரு பழைய எழுத்துரு. யானை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கட்டிப் புரளும். சொந்தக்காரர்களுக்கு விடியற்காலையில் அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கம்கூட யூனிகோடில்தான் போகிறது. கதைக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

மின்னஞ்சலில் வருகிறவர்கள் இன்னொரு தினுசு. பெறுநர் இடத்தில் தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் அத்தனையும் வரிசை கட்டி நிற்கும். கீழே, “தங்கள் பதிப்பகத்தின் மேல் மட்டுமே நான் வைத்திருக்கும் தனி மரியாதையின் காரணமாக” என்று கடிதம் தொடங்கும். அவற்றில் சில கல்லூரிப் பாடநூல் போடுகிறவை. ஒன்று ஜோதிடப் புத்தகம் மட்டுமே போடும். இவர் அனுப்பியிருப்பது முயல் கதை.

இதெல்லாம் மேல்தோல். உள்ளே போனால்தான் நிஜமான சிக்கல். வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடைசியாகப் படித்த சிறார் புத்தகம் எது? கொஞ்ச நேரம் மேலே பார்ப்பார்கள். பிறகு “அம்புலிமாமா” என்பார்கள். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. அதைக் கிழியக் கிழியப் படித்த பையன் இன்று கொள்ளுப்பேரன் எடுத்திருப்பார். கொஞ்சம் இளையவராக இருந்தால் வாண்டுமாமா, கோகுலம். அதோடு நின்றுவிடும்.

அந்தக் காலத்து ஆட்களையாவது ஒழுங்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதினார். அது போதாதென்று 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். பிள்ளைகளுக்கு எழுதுவது தனித் தொழில், அதற்குக் கூடிப் பேச ஆள் வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. பெரியசாமித் தூரன் பிள்ளைகளுக்கென்று 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். எங்கள் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது, 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பையன்கள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியதற்குச் சிவகாசிதான் காரணம். ராஜபாளையத்தில் கதைக் கட்டோடு அலைகிறவர்களில் இதில் ஒன்றையாவது எடுத்துப் பார்த்தவரைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைய எழுத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். சாகித்ய அகாதமி 2010இலிருந்து சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் கொடுத்து வருகிறது. தமிழில் முதலில் வாங்கியவர் மா. கமலவேலன், ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்காக. 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வாங்கியது. பெரியவர்களே வாய் திறக்கக் கூசுகிற பாலியல் தொல்லையைப் பிள்ளைக்குப் பயம் காட்டாமல் பேசுகிற கதை அது. 2023இல் பக்கத்துக் கோவில்பட்டிக்காரர் உதயசங்கர், ‘ஆதனின் பொம்மை’க்காக. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கிற எழுத்தாளரின் பேர் தெரியாமல் நம் ஆள் சிறார் எழுத்தாளர் ஆகப் புறப்பட்டிருக்கிறார். பருத்தி விலை தெரியாமல் யாராவது மில் வைப்பார்களா?

படிக்கக் காசு இல்லை என்று ஒருவர் சொன்னார். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வண்டி வண்டியாகக் கிடக்கின்றன. கைபேசியில் ஒரு பைசா கொடுக்காமல் படிக்கலாம். அவர் கையில் இருந்தது என் கைபேசியைவிட இரண்டு மடங்கு விலையுள்ளது.

அடுத்தது வயது. எந்த வயதுப் பிள்ளைக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், “மூணு வயசிலிருந்து பதினஞ்சு வயசு வரைக்கும், ஏன், பெரியவங்களும் படிக்கலாம்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கடித்துப் பார்க்கும். பதினைந்து வயதுப் பிள்ளை மீசையைத் தடவிப் பார்க்கும். இரண்டு பேருக்கும் ஒரே கதையா?

இந்தக் கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் தீராத ஆற்றாமை. வடபத்ரசாயிக்கு நந்தவனம் வைத்துப் பூக்கட்டிய பெரியாழ்வார், யசோதையாகத் தன்னை வைத்துக்கொண்டு கண்ணனைப் பாடிய ஊர் இது. அவர் பிள்ளையைப் பொத்தாம்பொதுவாகப் பாடவில்லை. தொட்டிலில் கிடக்கும்போது தாலாட்டு. கையை ஊன்றித் தலையை ஆட்டும்போது செங்கீரை. இரண்டு கையும் சேர்த்துத் தட்டப் பழகும்போது சப்பாணி. விழுந்து எழுந்து நடக்கும்போது தளர்நடை. ஓடிவந்து முன்னால் கட்டிக்கொள்வதற்கு ஒரு பதிகம், முதுகுப் பக்கமாக வந்து கட்டிக்கொள்வதற்கு வேறொரு பதிகம். பூச்சாண்டி காட்டுகிற வயது, குளிக்க மாட்டேன் என்று ஓடுகிற வயது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். பின்னால் பிள்ளைத்தமிழ் என்று வளர்ந்த வகைக்கு வித்து அங்கேதான் கிடக்கிறது. அந்த வகையின் இலக்கணம் மாதக் கணக்கே வைத்திருந்தது: காப்புக்கு மூன்றாம் மாதம், செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். ஆண்டாளை எடுத்துக்கொண்டால், மணல் வீட்டைக் கலைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதற்கே நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கக் கொடுத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு படி என்று பிள்ளையைக் கவனித்த மரபில் பிறந்துவிட்டு, மூன்றையும் பதினைந்தையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

பழைய கதை வேண்டாம் என்றால் புதிதாகவே பார்க்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு ஒன்று, சரளமாகப் படிக்கிற பிள்ளைக்கு இன்னொன்று. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1957இல் ‘தி கேட் இன் த ஹேட்’ எழுதியபோது, புதிதாகப் படிக்கப் பழகும் பிள்ளைக்கென்று 236 வெவ்வேறு சொற்களை மட்டுமே திரும்பத் திரும்ப வைத்துக் கதையை முடித்தார். நம்மவர் நாலு வயதுப் பிள்ளைக்கென்று சொல்லிக் கொடுத்த பிரதியின் முதல் பத்தியிலேயே “இயற்கை எழில் கொஞ்சும்”, “பகலவன்”, “வதனம்” மூன்றும் வந்துவிட்டன. கேட்டால், பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் போய்ச் சேர வேண்டாமா என்கிறார். போய்ச் சேரட்டும். பிள்ளை முதலில் இரண்டாம் வரிக்குப் போய்ச் சேரட்டும்.

இதைத் தாண்டினால் வழியில் நீதி நிற்கிறது. கதை முடிந்ததும் கீழே கொட்டை எழுத்தில் ‘நீதி’ என்று போட்டு ஒரு வரி. பொய் சொல்லக் கூடாது, பெரியவர் சொல் கேட்க வேண்டும், மரம் நட வேண்டும், நெகிழிப் பையைத் தவிர்க்க வேண்டும். கதையில் வருகிற பிள்ளைக்குச் சொந்தமாக ஆசை ஏதும் கிடையாது. காலையில் எழுந்து தப்பு செய்வான், மத்தியானம் மாட்டிக்கொள்வான், சாயங்காலம் தாத்தா திருத்துவார், ராத்திரி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூங்குவான். இப்படி நான்கு பக்கத்தில் திருந்துகிற பிள்ளையை வீட்டில் பார்த்தவர் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள். பிள்ளைகள் நீதிக்கு எதிரிகள் இல்லை. யாருக்கு அநியாயம் நடந்தது என்பதில் அவர்களைப் போலக் கறாரானவர்கள் கிடையாது. தனக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்த உடனே எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

பிறகு சிங்கம். ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது, அதுதான் காட்டுக்கு ராஜா. எந்தக் காடு? “நம்ம செண்பகத்தோப்புதான் அண்ணாச்சி!” இந்தியாவில் காட்டில் வாழும் சிங்கம் குஜராத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்புக்கு அது எந்த ரயிலில் வந்தது? அங்கே மரத்தைவிட்டுத் தரையில் இறங்கவே யோசிக்கிற சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. அதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். உச்சிக் கிளையில் பந்து மாதிரி கூடு கட்டி, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிப் போகிற அந்த அணில் இலங்கையையும் தென்னிந்தியாவில் சில காடுகளையும் விட்டால் உலகத்தில் எங்கும் இல்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்து, புலிக்கும் இங்கே அரசாங்கக் கணக்கில் இடம் கொடுத்தாயிற்று. அணில் இருக்கிறது, புலி இருக்கிறது, யானை இருக்கிறது. கதையில் மட்டும் சிங்கம் வருகிறது, அதற்கு மந்திரியாக நரி வருகிறது.

உள்ளூர்ச் சரக்கு என்று எழுதினால் நாய் வரும். ராஜபாளையம் நாய்க் கதைகளுக்கென்று என் மேஜையில் தனி அடுக்கு உண்டு. எல்லாக் கதையிலும் நாய் திருடனைப் பிடிக்கும், எஜமானைக் காப்பாற்றும், கடைசியில் உயிரைவிடும். 2005இல் தபால் தலையில் ஏறிய நாய் அது. அதற்கு இதைவிட நல்ல வாழ்க்கை கிடைக்கக் கூடாதா? வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கும் என்பது வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். காது கேளாத குட்டியைக் கூப்பிடுவதற்கு ஒரு பெண்பிள்ளை என்னென்ன வழி கண்டுபிடிப்பாள்? தரையைத் தட்டுவாளா, கையை ஆட்டுவாளா, விளக்கைப் போட்டு அணைப்பாளா? இதை எழுதிக்கொண்டு ஒருவர்கூட வரவில்லை.

கதைக்கு இங்கே பஞ்சமா? ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிற அம்மாவை எழுப்பாமல், தானே தலை பின்னிக்கொண்டு கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒருத்தி. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற தறிச் சத்தத்துக்கு நடுவே வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன், தன் வீட்டில் நெய்த துணி எந்த ஊரில் யார் காயத்துக்குக் கட்டாகப் போகும் என்று ஒருநாளாவது யோசித்திருக்க மாட்டானா? வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டு வகுப்பே சிரிக்கத் தானும் சேர்ந்து சிரிக்கிற பிள்ளை இங்கே எத்தனை! ஸ்ரீவில்லிபுத்தூரில் நாளெல்லாம் பால்கோவா கிண்டுகிற அப்பாவின் மேல் வருகிற வாசனை பிடிக்காத ஒரு பையன் இருக்க மாட்டானா? 2019இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கிண்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கதையில் ஒரு வரி கிடைக்கவில்லை. சப்பட்டை மாங்காய்க்கு மரம் ஏறி மாட்டிக்கொண்டவன், சஞ்சீவி மலை நிஜமாகவே அனுமார் போட்டுவிட்டுப் போன துண்டா என்று பாட்டியோடு சண்டை போடுகிறவள், ஒருவரும் பிரதிக்குள் வருவதில்லை. பிரதியில் வருவது சென்னை அடுக்குமாடியில் குடியிருக்கும் அமித்தும் ரியாவும். எழுதியவர் சென்னைக்குப் போய் வந்தது கல்யாணத்துக்கு ஒருதடவை.

படத்தின் கதை தனி. சிறார் புத்தகத்துக்கு ஓவியரைத் தேர்வு செய்வது பதிப்பகத்தின் வேலை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மச்சினன் மகள் வரைந்தது, பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர் வரைந்தது என்று படத்தோடுதான் வருகிறார்கள். கதையை எடுத்தால் படத்தையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மச்சினன் வீட்டில் பேச்சு அறுந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்து சேர்ந்திருக்கிறது. போன மாதம் வந்த ஒரு படத்தில் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குப் பதினாறு நிலை, கீழே நிற்கும் பிள்ளைக்கு ஆறு விரல். கோபுரத்துக்கு 11 நிலைதான் என்பது தேர்முட்டியில் பலூன் விற்கிறவருக்கும் தெரியும். எழுதியவர் கண்ணுக்கு இரண்டுமே தப்பவில்லை என்றால் கண்டிப்பாக அனுப்பியிருக்க மாட்டார். அவர் பார்க்கவே இல்லை.

படக்கதையில் படம் பாதிக் கதையைச் சொல்லும். “சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அணிந்த ரவி, வெள்ளை நாயின் கறுப்புக் கயிற்றைப் பிடித்தபடி பச்சைப் புல்வெளியில் நடந்தான்” என்று எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டால் ஓவியர் எதற்கு? பக்கக் கணக்கும் இப்படித்தான். மெல்லிசாகப் பின் அடித்துப் போடும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். அச்சகத்தில் ஃபாரம் கணக்கில் 16, 32 என்றுதான் பேசுவார்கள். 19 பக்கக் கதையைக் கொடுத்துவிட்டு, “ஒரு வரிகூட வெட்டக் கூடாது சார்” என்றால் மிச்சப் பக்கத்தில் என்ன போடுவது, கணக்குப் போட்டுப் பார்க்க இடமா? காகிதம் மடிகிற விதத்தைப் பார்க்க வெளியூர் போக வேண்டாம். சிவகாசியில் எந்த ஆப்செட் அச்சகத்திலும் அரை மணி நேரம் நின்றால் விளங்கிவிடும்.

இனி வாழ்த்துரைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கதை தேறுமா என்றே தெரியாத நிலையில் பிரதியோடு வாழ்த்துரைகள் வந்துவிடுகின்றன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒன்று, வழக்கறிஞர் ஒன்று, பல் மருத்துவர் ஒன்று, ரோட்டரி சங்கத் தலைவர் ஒன்று, முன்னாள் கவுன்சிலர் ஒன்று. எல்லோரும் ஆசிரியரின் பண்பு நலன்களைப் பாராட்டியிருப்பார்கள். கதையைப் பற்றிப் பேச்சே இருக்காது, ஏனென்றால் அவர்களிடமும் கதை போயிருக்காது. அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று இருபது பக்கம் ஓடிய பிறகு முயல் தலைகாட்டும். ஏழு வயதுப் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் சந்திப்பது பல் மருத்துவரை. சிலர் இதையும் மிஞ்சி, வெளியீட்டு விழாவுக்கு மண்டபத்தைப் பிடித்துவிட்டு, தேதிக்குள் புத்தகம் வேண்டும் என்று வருகிறார்கள். கதையைப் படித்துப் பார்க்க அவகாசம் கேட்டால், “மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே” என்று என்னைக் குற்றவாளி போலப் பார்க்கிறார்கள்.

சிபாரிசும் கூடவே வரும். மாமனார் வழியில், மில் மேனேஜர் வழியில், கோயில் கமிட்டி வழியில். பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்குகிற பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. சிபாரிசு பிரதியை என் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பிள்ளையின் மடிக்குக் கொண்டுபோக அதற்குக் கால் கிடையாது.

காசு விஷயத்தில் இரண்டு கோடியும் உண்டு. ஒருவர் படிக்கும் முன்னாலேயே, “எவ்வளவு சார் கட்டணும்?” என்பார். எழுதியவர் காசு கட்டிப் போடுவது வேறு வியாபாரம். அதை வேண்டுமென்றே தெரிந்து செய்தால் தப்பில்லை. தெரியாமல் மாட்டிக்கொண்டு, நூறு பிரதியைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருப்பவர்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறார்கள். ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தருகிறோம் என்று அதற்குத் தனியாகப் பணம் கறக்கிற ஆட்களும் உண்டு. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமில்லாமல் கொடுக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு ரசீது கொடுக்கிறார்கள், நம் ஆள் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்கிறார்.

மறு கோடியில் இருப்பவர், கதையைக் காட்டும் முன் பத்திரத் தாளில் கையெழுத்துக் கேட்பார். நான் திருடிவிடுவேனாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அந்த நேரமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 வருஷத்துக்கும் அது நிற்கும். இதைச் சொல்லிச் சமாதானப்படுத்தி ஒருவழியாகப் பிரதியை வாங்கிப் பார்த்தால் உள்ளே குரங்கும் முதலையும். பஞ்சதந்திரம்! அதைத் திருட வேண்டுமென்றால் நான் விஷ்ணுசர்மாவிடம் அல்லவா போக வேண்டும்?

முடியாது என்று எழுதிவிட்டால் அடுத்த படலம் தொடங்கும். மறுநாள் காலையில் ஃபோன். “எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சே.” அப்பா படித்துக் காட்டினால், அதுவும் தூங்கப் போகும் நேரத்தைத் தள்ளிப் போட்டுப் படித்துக் காட்டினால், வருமான வரிப் படிவம்கூடப் பிள்ளைக்குப் பிடிக்கும். அடுத்து, “ஹாரிபாட்டரையே எத்தனை பேர் வேண்டாம்னாங்க தெரியுமா சார்?” எல்லோருக்கும் இந்த ஒரு கதை மட்டும் மனப்பாடம். நான் அவர்களுக்கு வேறொருத்தியைச் சொல்வேன். பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் கதையையும் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1901இல் அவர் கைக்காசு போட்டு 250 பிரதி அச்சடித்தார். அதற்கு மேல் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பிறகு ஒரு பதிப்பகம் வண்ணப் படம் இருந்தால் போடுகிறோம் என்றபோது, கோபித்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்து படங்களை வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். 1902இல் புத்தகம் வந்தது, இன்றைக்கும் விற்கிறது. நம் ஆளிடம் முயலுக்கு ஒரு பேர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, “என் எழுத்தில் கை வைக்காதீங்க” என்று கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். முயல் இன்னும் பேர் இல்லாமல் அவர் பையில் கிடக்கிறது.

பதிப்பகங்கள் மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில் போட மாட்டார்கள். எந்த வயதுக்கு, எத்தனை பக்கத்தில் வேண்டும் என்று தெளிவாக எழுதி வெளியிட மாட்டார்கள். ராயல்டிக் கணக்கைக் கேட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதி வயிற்றெரிச்சலைக் கொட்டலாம். ஆனால் அவர்கள் மோசம் என்பதால் உங்கள் முயல் நன்றாகிவிடாது.

ஆகவே, பையில் கதை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய்ச் சிறார் புத்தகங்கள் பத்தை எடுத்துப் படியுங்கள். கடந்த பத்து வருஷத்தில் வந்ததாகப் பார்த்து எடுங்கள். ஆசிரியர்கள் வகுப்பிலும், மற்றவர்கள் தெருவிலும், ஒரே ஒரு வயதுப் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் வாய் திறக்காமல் கவனியுங்கள். எழுதியதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அது எழுந்து ஓடுகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள். யூனிகோடில் அடியுங்கள். எந்த வயதுக்கு, எத்தனை சொல், கதை என்ன என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதுங்கள். உங்கள் கதை போன்றவற்றைப் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு மூன்று மாதம் பொறுங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடாமல் உட்கார்ந்து, இன்னொரு தடவை படியுங்கள் என்று கேட்டால், அந்தக் கதைக்குக் கவுன்சிலரும் வேண்டாம், பல் மருத்துவரும் வேண்டாம். அதைத் தேடித்தான் நாங்கள் இத்தனை சிங்கங்களையும் படித்துக்கொண்டிருக்கிறோம்.